சுற்றிக்கொண்டே இருந்த ஒரு கல்யாணம்

ஓய்வுபெற்ற பிறகும் உங்கள் பிராட்பேண்ட் புகார் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்காமல் வைத்திருக்கிறீர்கள். மரியாதையா மறதியா என்று தெரியவில்லை. எதுவானாலும் நன்றி. காலையில் காப்பி குடித்துக்கொண்டே உங்கள் வீரதீரச் செயல்களை வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. "செட்டாப் பாக்ஸில் படம் நின்று நின்று வருவதாகப் புகார். நேரில் சென்றோம். ஸ்பீடு ஓகே. கஸ்டமர் சைடு பிரச்சினை. க்ளோஸ்டு." அதற்குக் கீழே மேலதிகாரியின் கட்டைவிரல். அதற்கும் கீழே நாலைந்து பேர் கைதட்டுகிறார்கள். அடேயப்பா, நிலாவுக்கு ராக்கெட் விட்டவர்களுக்குக்கூட இவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். நான் உங்கள் குழுவைக் குறைத்தாலே போதும் என்று நினைக்கிறேன். குறைப்பதற்கு முன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், "கஸ்டமர் சைடு" என்ற இந்த மகா மந்திரத்தை எனக்கு உபதேசித்த மகானை வணங்கியாக வேண்டும். பெயர் வேண்டாம். மனிதர் இன்னும் திடமாக இருக்கிறார், கேஸ் போட்டாலும் போடுவார். இரண்டாயிரத்து நாலு வாக்கில், நாகர்கோவிலில் நான் போன் வேலையிலிருந்து பிராட்பேண்டுக்கு மாறிய புதிதில், அவர்தான் எனக்குச் சீனியர். முதல் நாளே என் தோளில் கைபோட்டு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கம்ப்ளைன்ட் வந்த வீட்டுக்குக் காலையில பத்து மணிக்குப் போணும், கேட்டியா? அந்நேரம் ஊர்ல ஒருத்தனும் நெட்டு பாக்க மாட்டான். ஸ்பீடு சும்மா பறக்கும். அத வீட்டுக்காரிக்கிட்ட காட்டி பேப்பர்ல ஒப்பு போட வச்சு வாங்கிக்கிட்டு வந்துரு. சாயங்காலம் நின்னா அது அவங்க ஜாதகம்."

இந்த ஒரு உபதேசத்தை வைத்துக்கொண்டு மனிதர் பதவி உயர்வு மேல் பதவி உயர்வாக வாங்கிக் குவித்தார். சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ரிட்டயர் ஆனார். உங்கள் குழுவைப் பார்க்கும்போது அவருடைய ஆவி, உயிரோடு இருக்கும்போதே, உங்கள்மேல் இறங்கிவிட்டது தெரிகிறது.

பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. நம் கம்பெனிக்கு ஒரு ஞானோதயம் வந்தது. பிராட்பேண்ட் எடுத்தால் டிவிக்கு ஒரு கறுப்புப் பெட்டி இலவசம். உலகத்தில் யார் எங்கே எதை ஒளிபரப்பினாலும் இன்டர்நெட் வழியாக வீட்டு டிவியில் பார்க்கலாம். நோட்டீசில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தது. படம் நடுவில் நின்று, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று நோட்டீசில் போடவில்லை. அது தெரிந்தது எங்களுக்குத்தான். புதுக்கடையில் ஒரு கடைக்காரர் பெட்டியை ஐஸ்கிரீம் பிரீசர் மேல் வைத்துவிட்டு, ஈரம் இறங்கியதற்கு எங்களைக் கோர்ட்டில் ஏற்றுவேன் என்றார். அஞ்சுகிராமத்தில் ஒருவர் மோடத்தை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சிக்னல் வரவில்லை என்று கத்தினார். களவு போய்விடுமாம். அவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கேஸ்கள்.

செல்வமேரியின் கேஸ் அப்படியில்லை.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு தெரு. வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் சாளை மீன் பொரித்தால் ஐந்து வீட்டில் சோறு இறங்கும். அங்கேதான் செல்வமேரி இருந்தார். கணவர் சவுதியில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனவர். ஒரே மகன் ஆன்றோ, அவனும் வளைகுடாவில்தான். அம்மா தனியாக இருக்கிறாளே என்று பெரிய டிவியும் நம்முடைய பெட்டியும் அவன்தான் ஏற்பாடு செய்து கொடுத்தான்.

"சாயங்காலம் ஆனா படம் நிக்குது" என்று அவரிடமிருந்து புகார் வந்தது. நாங்கள் காலையில் போனோம். ஸ்பீடு பறந்தது. ஒப்பு வாங்கினோம். மறுபடியும் புகார். மறுபடியும் காலையில் போனோம். மோடத்தை மாற்றினோம், பெட்டியை மாற்றினோம், போஸ்ட்டிலிருந்து வரும் வயரை, உப்புக்காற்றில் துரு ஏறிவிட்டது என்று சொல்லி, அதையும் மாற்றினோம். மாற்றாமல் விட்டது செல்வமேரியை மட்டும்தான்.

ஒருநாள் அவரே பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சாரே, வாற வெள்ளியாச்ச எனக்க மவனுக்குக் கெட்டு. அங்க உள்ள கோயில்ல வச்சாக்கும். பெண்ணு நர்சு, மலையாளத்துப் பிள்ள. இவனுக்கு ஊருக்கு வர லீவு கிட்டல. எனக்கு விசாவும் வரல. ஒத்த மவன் சாரே. அவன் தாலி கெட்டுதத டிவியிலயாவது எனக்குப் பாக்கணும். அந்நேரம் பாத்து உங்க பெட்டி நின்னுதுன்னா, நான் இங்கன வந்து குத்தவச்சு இருந்திருவேன், பாத்துக்கிடுங்க."

சொல்லும்போது குரல் கறாராக இருந்தது. ஒரு தாய்க்கு மகன் கல்யாணத்தை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மிச்சம் இருப்பது நம்முடைய கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டியின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்!

எங்கள் மேனேஜர், எம்.பி.ஏ. படித்த பிள்ளை, கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "சார், எல்லாம் பச்சையா இருக்கு பாருங்க. காலையில ஒரு டெஸ்ட் எடுத்துட்டு க்ளோஸ் பண்ணிடுங்க" என்றார். பச்சை நிறத்தின்மேல் அவருக்கு இருந்த பக்தியைப் பார்த்தால் விவசாயத்துக்குப் போயிருக்க வேண்டியவர்.

நான் அன்று சாயங்காலமே போனேன். இத்தனை வருட சர்வீஸில் ஒரு புகாரை, அது எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் போய்ப் பார்க்கும் புரட்சியைச் செய்தேன். தெருவுக்குள் நுழைந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. செல்வமேரி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் இடம் இல்லை. திருவிழாவில் வெடி பார்க்க உட்கார்ந்த கூட்டம்போல வரிசையாக ஆட்கள். எல்லார் கையிலும் போன். ஒரு பெண், துபாயில் இருக்கும் புருஷனுக்குக் குழந்தையின் வாயைத் திறந்து புதுப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பையன்கள் புட்பால் பார்த்தார்கள். ஒரு தாத்தா எதையோ பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். காலையில் நாங்கள் வந்தபோதெல்லாம் இந்தச் சுவரில் ஒரு காக்காதான் இருந்தது.

உள்ளே டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க வைஃபை பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது?" என்றார் செல்வமேரி, பெருமையாக.

நான் விளக்கினேன். "ஒத்தக் குழாயில ஊரே தண்ணி பிடிச்சா உங்க குடம் எப்ப நெறையும்? பாஸ்வேர்டை மாத்திருவோம். வெள்ளிக்கிழமை உங்களுக்குப் படம் நிக்காம ஓடும்."

அவருக்கு வந்ததே கோபம்!

"சாரே, எனக்க மாப்பிள சவுதியில கெடந்த காலத்துல இந்தத் தெருவுல ஒரே ஒரு போனுதான் உண்டு. பக்கத்து வீட்டு பிலோ அக்காக்க வீட்டுல. அவருக்க விளி வந்தா, அக்கா அடுப்புல கெடக்கதப் போட்டுட்டு ஓடிவந்து என்னய விளிப்பா. மழையானாலும் ஓடி வருவா. அவரு போயிட்டாருன்னு வந்த விளியும் அந்தப் போன்லதான். நான் விழாம பிடிச்சுக்கிட்டு நின்னவளும் அவதான். இப்ப அவளுக்க பேத்தி அவளுக்க அப்பன்கிட்ட பேசுத லைன நான் அறுக்கணுமா? நல்லா இருக்கு உங்க ஞாயம். பேசாம உங்க பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போங்க."

பெட்டியைத் தூக்கவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை நானே வருவது, சுவரில் இருக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கொஞ்ச நேரம் போனை அணைக்கச் சொல்வது. "நல்லபடியா கேட்டா கேப்பாங்க" என்றார் செல்வமேரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால், சுவர் காலி. ஒரு ஆள் இல்லை. பரவாயில்லையே, சொல்லாமலே புரிந்துகொண்ட சனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் செல்வமேரி பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, டிவிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கச் சகிக்காது.

"தெருக்காரங்க யாரும் வரலியா அக்கா?"

"வாறவங்க வரட்டும். நான் யாரையும் வரண்டாம்னு சொல்லல." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரையில் கோயில் வந்தது. வருகைப் பாடல் தொடங்கியது. கோட்டு போட்ட ஆன்றோ தெரிந்தான். "எனக்க மோனே" என்று செல்வமேரி நாற்காலி நுனிக்கு வந்தார். வெள்ளை உடுப்பில் பெண் நடந்து வந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சுவர் காலி, காம்பவுண்டு காலி. ஆனாலும் வட்டம் சுற்றுகிறது. செல்வமேரி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன். பாஸ்வேர்டு கதையை முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். நான் அங்கே போயிருப்பது தெரிந்து, அக்கறை பொங்கிவிட்டது. "சார், மோடம் உங்க கையிலதானே இருக்கு? அந்த அம்மாகிட்ட கேக்காம பாஸ்வேர்டை மாத்திவிட்டுட்டு வாங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

உண்மைதான். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கம் என் போனில் திறந்தே இருந்தது. விரலால் தட்டினால் முடிந்தது காரியம். ஆனால் யாருக்குத் தெரியப் போகிறது என்பது நாகர்கோவிலில் கண்ணாடி அறைக்குள் இருக்கிறவர் கேட்கிற கேள்வி. இந்தத் தெருவில் எது தெரியாமல் இருந்திருக்கிறது? மகன் கல்யாணத்தன்று செல்வமேரி லைனை அறுத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பினால், அவர் பேரப்பிள்ளைகள் காலம்வரை அது நிற்கும். "சிக்னல் இல்லை சார்" என்று சொல்லி போனை வைத்தேன். டெலிகாம் கம்பெனியில் வேலை பார்ப்பதில் உள்ள ஒரே சௌகரியம் அது. நாம் அப்படிச் சொன்னால் எவனும் சந்தேகப்பட மாட்டான்.

தெருவில் இறங்கினேன், வயரைப் பார்க்கலாம் என்று. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒரு பாட்டு கேட்டது. நின்று கவனித்தேன். இப்போதுதான் செல்வமேரி வீட்டு டிவியில் கேட்டேனே, அதே வருகைப் பாடல். அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அங்கேயும் அதே பாட்டு, அரை வரி பின்தங்கி. எதிர் வீட்டில் அதே பாட்டு நடுவில் நின்று, மறுபடி தொடங்கியது. என் தலையில் யாரோ குட்டியது மாதிரி இருந்தது. ஆன்றோ தெருவிலுள்ள அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியிருக்கிறான். அத்தனை பேரும் அவரவர் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, சுவர் தாண்டி எட்டுகிற செல்வமேரியின் வைஃபையில், செல்வமேரி மகனின் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செல்வமேரியைத் தவிர.

பக்கத்து வீட்டில் பிலோ அக்கா, எழுபதை நெருங்கியவர், பேத்தியின் போனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பிலோ அக்கா, அடுத்த வீட்டுல இம்மாம் பெரிய டிவியில ஓடுது. அங்க போய்ப் பாக்கப்பிடாதா?"

"விளிக்காத கெட்டுக்கு எப்படிப் போறது?" பிலோ அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவளுக்க மவன் எனக்க மடியில கெடந்து வளந்தவன். ஒரு வார்த்த, 'அக்கா, வாருங்க'ன்னு வாசல்ல வந்து விளிச்சாளா? பெரிய ஆளாயிட்டா."

"வேணும்னா கோயில் மைக்ல ஒரு அறிவிப்பு குடுக்கச் சொல்லட்டா?"

"மைக்ல சொல்லி வாறதுக்கு இது என்ன, காணாமப்போன ஆடா?"

"சரி, இப்ப நீங்க பாக்குதது யாருக்க வைஃபை?"

"அவளுக்கதான். அது வேற, இது வேற."

அது வேற, இது வேற! எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். ஒரே ஓட்டமாகத் திரும்பி ஓடினேன். டிவியில் பெண்ணின் கால் ஒருவழியாகக் கீழே இறங்கியிருந்தது. பிரசங்கம் தொடங்கிவிட்டது. பிரசங்கம் முடிந்தால் சம்மதம் கேட்பார்கள், அதற்கு அடுத்தது தாலி. வட்டம் மறுபடி சுற்றியது.

"அக்கா, லைன்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்க யாரையும் விளிக்கல. அதனால எல்லாரும் வீட்டுல இருந்து தனித்தனியா பாக்குதாங்க. அதான் நிக்குது."

செல்வமேரியின் கண் நிறைந்துவிட்டது. "எப்படி சாரே விளிப்பேன்? எலை போட்டு ஒரு பிடி சோறு குடுக்க முடியாத கெட்டுக்கு நான் எந்த முகத்த வச்சு விளிப்பேன்? டிவியில படம் பாக்க வாங்கன்னா?"

"அவங்க சோத்துக்கு ஏங்கல அக்கா. பிலோ அக்காக்குக் கண்ணு தெரியாம போன மூக்குல இடிக்குது. போய் விளியுங்க."

"நான் போன நேரத்துல தாலி கெட்டிட்டான்னா?"

அதுதான் கேள்வி. வீட்டில் இருந்தால் வட்டம், போனால் தாலி போய்விடலாம். என்னிடம் இருந்ததெல்லாம் டிவியில் பிரசங்கம் செய்த சாமியார்தான். மனிதர் ஆதாம் ஏவாளில் தொடங்கியிருந்தார். நல்ல நீளமான பிரசங்கி என்பது தொண்டையைக் கனைத்த தோரணையிலேயே தெரிந்தது.

"சாமியார் இப்ப முடிக்க மாட்டாரு. நான் பாத்துக்கிடுதேன். ஓடுங்க!"

செல்வமேரி பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். செருப்புப் போடவில்லை. முதல் வாசல் பிலோ அக்கா வாசல்.

"அக்கோ! எனக்க மவனுக்குக் கெட்டு! வாருங்க!"

"இப்பதான் நெனவு வந்துதாடி ஒனக்கு?"

"சோறு கெடையாது, கேட்டியளா."

"சோத்துக்கா ஏட்டி நான் ஒனக்க வீட்டுக்கு வாறேன்?" என்று பிலோ அக்கா கத்தினார். கத்தியவர் அழுதார். அழுதுகொண்டே சேலை மாற்றப் போனார். அந்த நெருக்கடியிலும் பழைய சேலையோடு கெட்டுக்கு வர மாட்டாராம்!

நான் வீட்டு வாசலில் நின்றுகொண்டேன். ஒரு கண் டிவியில், ஒரு கண் தெருவில். "நோவா பேழைக்கு வந்தாச்சு!" "கானாவூர்ல திராட்ச ரசம் தீந்துபோச்சு!" என்று பிரசங்கம் போகிற இடத்தைத் தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். என் முப்பது சொச்சம் வருட சர்வீஸில் நான் செய்த உருப்படியான டெக்னிக்கல் சப்போர்ட் அதுதான். செல்வமேரி ஒவ்வொரு வாசலாக நின்று, பேர் சொல்லி விளித்தார். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு அணைந்தது. கதவு திறந்தது. இங்கே டிவியில் வட்டம் சுற்றுவது குறைந்து, ஒரு கட்டத்தில் காணாமலே போனது. சாமியாரின் மூக்கில் இருந்த மரு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"எந்திரிச்சு நிக்கச் சொல்லுதாரு! வாருங்க, வாருங்க!"

தெருவே வந்து இறங்கியது. நாற்காலி ஏது? தரையில், கட்டிலில், ஜன்னல் திண்டில் எல்லாம் ஆட்கள். முன்வரிசையில் செல்வமேரி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பிலோ அக்கா. மூலையில் யாருடைய போனிலிருந்தோ இன்னும் சத்தம் வந்தது. "ஏட்டி, அத அணைச்சுப் போடு, எனக்க பிள்ள தாலி கெட்டப்போறான்" என்று பிலோ அக்கா அதட்டினார்.

ஆன்றோ தாலி கட்டினான். படம் நிற்கவில்லை. பெண்கள் குரவையிட்டார்கள். அந்தச் சத்தத்தில் டிவியின் பாட்டு கேட்கவே இல்லை. நடுநடுவே நின்று நின்று வந்ததால் நம்முடைய படம் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தாலி ஏறிச் சற்று நேரம் ஆகியிருக்கும். அந்தத் தெருவுக்கு அப்போதுதான் ஏறியது.

"அக்கா, இப்பதான் எனக்க வீட்டுல கெட்டு நடந்த மாதிரி இருக்கு" என்று செல்வமேரி பிலோ அக்காவின் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார். நான் வயரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்தேன். வெளியே வந்து மூக்கைச் சிந்தினேன். யாரோ ஒரு வீட்டிலிருந்து அவசரத்துக்கு அவித்த மரச்சீனிக்கிழங்கும் மீன் கறியும் வந்து சேர்ந்தன. எனக்கும் ஒரு தட்டு. சோறு இல்லாத கெட்டு என்று யார் சொன்னது?

திங்கட்கிழமை மேனேஜர் கேட்டார், "என்ன சார், என்ன ரீசன் போடட்டும்?" கஸ்டமர் சைடு என்று போடச் சொன்னேன். மனிதர் கட்டைவிரல் காட்டினார். எங்கள் அலுவலகத்தில் அந்த வார்த்தை உண்மையாகப் பயன்படுத்தப்பட்டது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே, பிள்ளைகளே, பத்து மணிக்குப் போய் ஒப்பு வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? ஆனால் எப்போதாவது மனசாட்சி கடித்தால் சாயங்காலமும் ஒருதடவை போய்ப் பாருங்கள். மோடத்தைத் திறப்பதற்கு முன் தெருவைப் பாருங்கள். யார் யாரோடு பேசவில்லை என்று கேளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்துச் செல்வமேரி என் போனுக்கே கூப்பிட்டார். மருமகளும் மகனும் வீடியோவில் வந்தால் மறுபடியும் நின்று நின்று வருகிறதாம்.

"அக்கா, நான் அப்பவே சொன்னேனே. பாஸ்வேர்டை மாத்துங்கன்னு."

"மாத்தியாச்சு சாரே. ஆன்றோ சொல்லித் தந்தான், நானே மாத்தினேன்."

"பெறகும் ஏன் நிக்குது?"

"அதான் எனக்கும் தெரியல. போன தடவ மாதிரி குத்தம் வந்திரப்பிடாதுன்னு, புது பாஸ்வேர்டை ஒரு வீடு விடாம வாசல்ல போய் நின்னு சொல்லிக் குடுத்துட்டு வந்தேனே."